தலைப்பக்கம், பூப்பக்கம்: பழங்காசுக் கேள்விகள்

(பதில் சொல்பவர் கரூர்க்காரர். கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோமானியக் காசு சேகரிப்பவர்.)

பாட்டியின் சுருக்குப்பையில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஆண் தலை, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண். மேலே வளையம் பற்றவைத்திருக்கிறது. கறுத்துப்போயிருக்கும் இதை எப்படிப் பளபளப்பாக்குவது?
– வாசகி, தாராபுரம்

அம்மா, முதலில் கையில் இருக்கும் புளியைக் கீழே வையுங்கள். கடிதத்தில் நீங்கள் புளி என்று எழுதவில்லை. ஆனால் தாராபுரத்துச் சமையலறையில் கறுத்த வெள்ளிக்கு வேறு என்ன வைத்தியம் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எனக்குப் பன்னிரண்டு வயதில் அமராவதி ஆற்று மணலில் அரிப்புக்காரர் ஒருவர் எனக்கு ஒரு செம்புக் காசு கொடுத்தார். பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணையும் ஆற்று மணலையும் மரத்தட்டில் இட்டு அலசிப் பொன்துகள் தேடுகிறவர்கள் அவர்கள். செம்புக் காசு அவருக்கு வேண்டாதது. சட்டைப் பொத்தான் அளவு, கரும்பச்சை நிறம். வீட்டுக்கு ஓடி வந்து புளியும் சாம்பலுமாக அரைமணி நேரம் தேய்த்தேன். குடம் விளக்கினாற்போல் மின்னியது. அம்மாவிடம் காட்டினேன். "முகம் எங்கேடா?" என்றார். காது மட்டும்தான் மிச்சம். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய முகத்தை நான் அரைமணியில் அழித்திருந்தேன். செம்புக் காசில் மூக்கும் கண்ணும் எழுத்தும் பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான் பதிந்திருக்கும். களிம்பைச் சுரண்டினால் காசையே சுரண்டியதாகும். உங்களுடையது வெள்ளி என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனாலும் தேய்த்தால் மேல்தோல் போகும். கறுப்பு அதன் வயது, இருந்துவிட்டுப் போகட்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு போட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். வளையத்தையும் கழற்ற வேண்டாம். யாரோ ஒருத்தி கழுத்தில் கிடந்ததற்கு அது சாட்சி.

காசு எதுவென்று படம் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். மாலை சூடிய தலை வலப்பக்கம் பார்க்கிறதா? மறுபக்கத்துப் பெண் ஒரு கையில் நீண்ட கோலும் மறுகையில் கிளையும் வைத்திருக்கிறாளா? அப்படியானால் அது ரோமானியச் சக்கரவர்த்தி டைபீரியஸ் சீசரின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். ஏசுவிடம் காட்டிய வரிக்காசு இதுதான் என்று சொல்லும் வழக்கம் உண்டு. கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய காசுகள் புதையலாக வெளிவந்தன. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகளே மிகுதி. ஒன்று உங்கள் பாட்டியுடையது. இன்னொன்று அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸின் காசு. அதன் பூப்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயத்தில் கைவைத்து நிற்பார்கள். அகஸ்டஸின் பேரன்கள், கையஸும் லூசியஸும். அடுத்து ஆளப்போகிறவர்கள் என்று ஊருக்குச் சொல்லவே அவர்களைக் காசில் ஏற்றினார் தாத்தா. லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் செத்துப்போனார்கள். அதனால்தான் டைபீரியஸுக்கு அரியணை கிடைத்தது. ஆளாமலே செத்த பிள்ளைகள் நம் ஊர்ப் பானைகளுக்குள் இன்றும் கேடயம் பிடித்து நிற்கிறார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். நகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பாருங்கள். இந்தக் காசு மூன்றே முக்கால் கிராமை ஒட்டி இருக்கவேண்டும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழியுங்கள், வளையத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு பாட்டிக்கு இது எந்த ஊரிலிருந்து, யார் கையால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். அந்தத் தாள் காசைவிடப் பெரிது. ஏன் என்று கீழே வேறொரு பதிலில் வருகிறது.

நான் வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி. ரோமானியக் காசு சேர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே?
– வாசகி, திருச்சி

தங்கம் சேர்ப்பது பணக்காரர் வேலை. செம்பு அப்படியல்ல. நாலாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசு செம்புக் காசைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியது. 2010இல் இங்கிலாந்தின் ஃபுரோம் என்ற ஊருக்கு அருகே வயலில் ஒரே ஒரு பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. அவை மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள். எண்ணிப் பாருங்கள், ஒரு பானையில் ஐம்பதாயிரம்! இந்த மாதிரிக் காசுகளில் தேய்ந்தவை உலகச் சந்தையில் ஒரு சுமாரான புத்தகத்தின் விலைக்கே வந்துவிடும்.

கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி குடும்பத்துக் காசில் தொடங்குங்கள். பூப்பக்கத்தில் இரண்டு போர்வீரர்கள் ஈட்டியோடு நிற்பார்கள், நடுவில் படைக்கொடி இருக்கும். 'படையின் புகழ்' என்பது லத்தீன் வாசகத்தின் பொருள். முதலில் நடுவே இரண்டு கொடிகள் இருந்தன. கி.பி. 335 வாக்கில் எடையைக் குறைத்தபோது கொடியையும் ஒன்றாக்கினார்கள். எங்கள் ஊரில் மாலைக்குப் பொன் குறைந்தால் பதக்கத்தின் கல்லும் குறையும், அதுபோல. லென்ஸ் வைத்துக் கொடியை எண்ணினாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். அடியில் இருக்கும் சில எழுத்துகள் காசு அடித்த ஊரின் குறி. அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டான்டிநோபிள் என்று ஊர் ஊராகக் காசடிசாலைகள் இருந்தன. வாசகத்தில் யூ வரவேண்டிய இடத்தில் வி இருக்கும், குழம்ப வேண்டாம். லத்தீன் கல்வெட்டெழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் ஆற்றுமணலிலும் மண்மேட்டிலும் இதே சின்னச் செம்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் இங்கே மண்ணிலிருந்து புதிதாக எடுத்ததை வாங்காதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கீழே குளித்தலை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள். தொல்பொருள் விற்க உரிமம் பெற்றவரிடம், ரசீதோடு வாங்குங்கள். அதற்கும் முன்னால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணுக்குப் பயிற்சி கொடுங்கள். அது அதிகச் செலவில்லாத படிப்பு. பஸ் செலவும் நுழைவுக் கட்டணமும்தான்.

நீரோ மன்னன் காசு அரிசியை இழுக்குமாம், வீட்டில் வைத்தால் கோடி வருமாம். உண்மையா?
– வாசகர், ஈரோடு

கோடி வரும். அதை விற்றவருக்கு.

புதுக்கோட்டையில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் மன்னன் முகத்தில் வெட்டு விழுந்திருக்கும் படம் பார்த்தேன். யார் வெட்டினார்கள், ஏன்?
– வாசகர், அறந்தாங்கி

உங்கள் பக்கத்து ஊர்க் கதையை என்னைக் கேட்கிறீர்கள். 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தலைப்பக்கத்தில், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியாலோ கத்தியாலோ ஒரே ஒரு வெட்டு.

தங்கம் அசலா என்று பார்க்கத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு கட்சி. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம் என் தொழில். அடகுக்கு வந்த காசில் உள்ளே செம்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் விளிம்பில்தான் அரம் போடுவேன். விளிம்பு போதும், சேதமும் தெரியாது. பரிசோதிக்கிறவனுக்கு எந்தப் பக்கமானால் என்ன? பாதி வெட்டாவது பூப்பக்கத்தில் விழுந்திருக்கவேண்டும். இங்கே வெட்டியவன் காசைத் திருப்பிப் போட்டு, முகத்தைத் தேடி வெட்டியிருக்கிறான். 'உன் ராஜா முகம் இங்கே செல்லாது, எடை மட்டும் சொல்' என்பதுதான் எனக்குக் கேட்கிறது. ஆய்வாளர்கள் வேறு காரணமும் சொல்லலாம். என் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது.

எடை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோமானியத் தங்கக் காசின் பெயர் அவுரேயஸ். அகஸ்டஸ் காலத்தில் 7.8 கிராமை ஒட்டி இருந்தது. நம் பவுன் 8 கிராம். முதன்முதலில் ஓர் அவுரேயஸை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்தபோது என் வாயில் வந்த முதல் சொல், "பவுனுக்கு ஒரு குண்டுமணி குறைச்சல்." பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிளினி என்ற ரோமானியர் கி.பி. 77 வாக்கில் எழுதிய நூலில், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்புகிறார். நூறு செஸ்டர்ஸ் ஓர் அவுரேயஸ். அப்படியானால் ஐந்து லட்சம் தங்கக் காசு. அவர் காலத்து எடை 7.3 கிராம் என்று வைத்தால் 3,650 கிலோ. நாலரை லட்சம் பவுன்! பிளினி கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், வரி கட்டுகிற ஊரில் பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றி அகநானூறும் (149) சொல்கிறது. கொடுத்தவன் கணக்கும் வாங்கியவன் பாட்டும் ஒத்துப்போகின்றன.

அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் இவ்வளவு கிடைக்கும்போது பிற்கால மன்னர்களின் வெள்ளி ஏன் இங்கே அரிதாக இருக்கிறது?
– ஆசிரியர், காங்கேயம்

கி.பி. 64இல் நீரோ காசின் எடையைக் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள். நீரோ 96 அடித்தார். வெள்ளியில் செம்பையும் சேர்த்தார். உள்ளூர்ச் சந்தையில் சக்கரவர்த்தி சொன்னால் செல்லும். கடல்தாண்டி மிளகு வாங்கப் போனால் தராசும் உரைகல்லும்தான் பேசும். நம் வணிகர்கள் மாற்றுக் குறைந்த வெள்ளியைத் தொட மறுத்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நீரோவுக்குப் பிறகும் பழைய நல்ல காசுகளையே பொறுக்கியெடுத்து இங்கே அனுப்பியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே புத்தியின் இரண்டு முனைகள்தானே? கல்யாணத்துக்குப் பழைய நகையை அழிக்க மனம் வராத வீடுகளை 31 ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

எளிய வழி இருந்திருந்தால் எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரக் கண்காட்சியில் மேற்சொன்ன கையஸ்–லூசியஸ் காசு ஒன்றை வாங்கினேன். உரைகல்லில் தேய்த்தேன், வெள்ளி சுத்தம். நிறுத்தேன், எடை சரி. அந்தச் சுத்தம்தான் என்னைக் கவிழ்த்தது. அடுத்தவர் நகைக்கு மாற்றுப் பார்த்தே பழகியவன், உலோகம் நல்லதென்றால் காசும் நல்லதென்று நம்பிவிட்டேன். நல்ல வெள்ளியில் போலி வார்க்க யாருக்கு என்ன தடை? இரண்டு ஆண்டு கழித்து வேறோர் ஊரில் அதே காசைப் பார்த்தேன். லூசியஸின் கேடயத்துக்குக் கீழே அதே சிறு பள்ளம். ஏழு மணித் திசையில் விளிம்பில் அதே வெடிப்பு. அண்ணன் தம்பி போல அல்ல, நிழல்போல.

அக்காலத்தில் ஒவ்வொரு காசையும் கையால்தான் அடித்தார்கள். வெள்ளி வில்லையைக் கீழ் அச்சில் வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசில் ஒரே உருவம் இருக்கலாம். விளிம்பு, வெடிப்பு, உருவம் விழுந்த இடம் ஒன்றாக இருக்கவே முடியாது. இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அரம் போட்டுச் சமன்செய்த கோடு இருக்கிறதா? பரப்பில் இட்லிக்கு இருப்பதுபோலப் பொடித்துளைகள் தெரிகின்றனவா? எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி எழுத்துப்போல மழுங்கியிருக்கிறதா? இவையெல்லாம் வார்ப்பின் குணம். புதிதாக அச்சு வெட்டி அடிக்கும் போலிக்கு இந்தச் சோதனை போதாது. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி அச்சு வெட்டியே பெரிய சேகரிப்பாளர்களை ஏமாற்றினார். புதுக் காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டுக் குதிரை வண்டிக்கு அடியில் கட்டி ஊர் சுற்றுவாராம், பழசாவதற்கு. இன்று பெக்கர் போலிகளையே தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்!

ஆனால் பழைய போலியைப் புதிய போலியோடு சேர்த்து வீசிவிடாதீர்கள். செம்புக்கு வெள்ளித்தோல் போர்த்திய ரோமானியக் காலத்துக் கள்ளக்காசுகள் உண்டு. லத்தீன் தெரியாத கைகள் இங்கே இந்தியாவில் பார்த்து அடித்த நகல்களும் உண்டு. அவற்றில் எழுத்து எழுத்தாக இருக்காது, கோடும் வட்டமுமாக ஓடும். அவை குறையுள்ள காசுகள் அல்ல. நம் ஊர்த் தட்டானின் கைவேலை. அப்படி ஒன்றை எனக்குக் கொடுத்தால் அசல் அகஸ்டஸை மாற்றிக்கொள்வேன்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சின்னப் பானையில் காசுகள் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்? (எனக்குக் கிடைக்கவில்லை. பொதுவாகக் கேட்கிறேன்.)
– பெயர் வேண்டாம், குளித்தலை

அடைப்புக்குறிக்குள் எழுதியதை நம்புகிறேன்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால், எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதவேண்டும். பத்து ரூபாய் 1878இல் வைத்த எல்லை, இன்றும் அதேதான். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பங்கும் போய்விடும். ஒழுங்காகத் தெரிவித்தால், அரசு எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு அதன் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்தத் தொகை போதாது, அதனால்தான் இரவோடிரவாகப் பானைகள் உருக்குச் சட்டிக்குப் போகின்றன என்பது என் வருத்தம். ஆனால் சட்டம் சட்டம்தான்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்யக்கூடாது.

பொதுவாகத்தான் சொல்கிறேன்: பானை கண்ணில் பட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படம் எடுங்கள். பானையை உடைக்காதீர்கள், காசுகளைக் கழுவாதீர்கள், தாசில்தார் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புங்கள். எந்தக் காசு மேலே இருந்தது, எது அடியில் என்பதுகூட ஒரு செய்தி. பானையும் செய்திதான்.

புரூட்டஸ் காசு ஒன்று பல கோடிக்கு ஏலம் போனதாமே? அப்படி என்ன இருக்கிறது அதில்?
– வாசகர், சென்னை

இரண்டு கத்தியும் ஒரு குல்லாவும் இருக்கின்றன. ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், அந்தக் கொலையைக் கொண்டாடியே காசு வெளியிட்டார். தலைப்பக்கத்தில் தன் முகம், பூப்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லா, கீழே 'மார்ச் பதினைந்து' என்று கொலை நடந்த நாள். கொலைத் தேதியைக் காசில் போட்ட நெஞ்சழுத்தம்!

தங்கத்தில் அடித்த ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று காட்டிய பூர்வீகக் கதை பொய்யென்று தெரிந்தது. ஏல நிறுவனத்தின் உரிமையாளர் கைதானார். 2023இல் அமெரிக்க அதிகாரிகள் காசைக் கிரீஸ் நாட்டிடம் ஒப்படைத்தார்கள். அத்தனை கோடியும் ஒரு தாளில் சறுக்கிற்று. தாராபுரம் அம்மா, உங்களிடம் தாள் எழுதச் சொன்னேனே, இதற்காகத்தான்.

காசுகளை ஆல்பத்தில் வைத்தேன், மேலே பச்சைப் பிசின் படிந்துவிட்டது.
– வாசகர், சேலம்

மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் உறையின் வேலை அது. உடனே வெளியே எடுங்கள். அமிலமில்லாத காகித உறை போதும். செம்புக் காசில் வெளிர்பச்சை மாவு பொடுகுபோல உதிர்ந்தால் அது வேறு நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காய்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தின் வேதியியல் பிரிவில் காட்டுங்கள்.

அடையாளம் காண, காசையே உங்களுக்குத் தபாலில் அனுப்பலாமா?
– வாசகி, நாமக்கல்

கூடவே கூடாது. இருபக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம், எடை, குறுக்களவு, கிடைத்த கதை. இவை போதும்.

சென்ற மாதம் ஒருவர் சாதாரணத் தபால் உறைக்குள், காசை ஒட்டுநாடாவால் அட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். முத்திரை குத்தியதில் உறை கிழிந்து, காசு வெளியே எட்டிப் பார்த்தபடி என் வாசலுக்கு வந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை. தபால் முத்திரையில் 'பல்ல' என்ற பகுதி மட்டும் தெரிகிறது. பல்லடமா, பல்லாவரமா? ஒட்டுநாடாவைக் கழற்ற எனக்கு மூன்று நாள் ஆனது. நல்ல காசு, ரோமானியச் செம்பு. பூப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. சரியாகச் சொல்லிக் கேட்பவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.